நாவும் பாஷையும்: பெந்தெகொஸ்தே வாசகத்தின் தமிழாக்கம் பற்றி

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரம் நம் திருச்சபைகளில் வாசிக்கப்படுகிறது. பொன்னேரியை அடுத்த பழவேற்காட்டு ஏரிக்கரைச் சிற்றாலயத்திலும் நகரத்துப் பேராலயத்திலும் வாசகம் ஒன்றே. கிரேக்க மூலத்தில் 3ஆம் வசனத்தில் சீடர்மேல் அமர்ந்ததும், 4ஆம் வசனத்தில் அவர்கள் பேசியதும் 'குளோஸ்ஸா' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. தமிழிலோ முன்னது 'நாவுகள்', பின்னது 'பாஷைகள்'. வானத்து அக்கினி நாவே மாந்தரின் மொழியாயிற்று என்னும் தொடர்பு தமிழ்ச் செவியை எட்டுவதில்லை. இக்குறை மொழிபெயர்த்தோருடையதா, தமிழினுடையதா, அன்றி விளக்கக் கடமைப்பட்ட நம்முடையதா என்பதை ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் 'டங்' என்பது வாயினுள் இருக்கும் உறுப்பையும் மொழியையும் ஒருங்கே குறிக்கும். பிரெஞ்சில் 'லாங்' என்பதும் அத்தகையதே. ஆங்கிலத்தின் 'லாங்குவேஜ்' என்னும் சொல்லும் பிரெஞ்சு வழியாக நாவின் பெயரினின்றே பிறந்தது. ஆதலால் அம்மொழிகளில் 3ஆம், 4ஆம் வசனங்களின் இணைப்பு இயல்பாகவே காக்கப்படுகிறது. ஆயினும் அவற்றிலும் இழப்பு உண்டு. 6ஆம், 8ஆம் வசனங்களில் லூக்கா 'தியாலெக்டோஸ்' என்னும் வேறொரு சொல்லை ஆளுகிறார். அது ஓரிடத்து மக்களின் பேச்சைச் சுட்டுவது. 1611ஆம் ஆண்டு ஆங்கிலத் திருப்புதல் இவ்வொரு சொல்லை 6ஆம் வசனத்தில் 'லாங்குவேஜ்' என்றும், 8ஆம் வசனத்தில் 'டங்' என்றும் பெயர்த்தது. நமது பழைய திருப்புதலில் 'குளோஸ்ஸா', 'தியாலெக்டோஸ்' இரண்டிற்கும் 'பாஷை'யே அடிப்படை. எம்மொழியும் மூலத்தை முழுமையாகத் தாங்கவில்லை என்பது தெளிவு.

தமிழ் நாவிற்குப் பொருள் விரிவு இல்லை என்று கூறிவிட இயலாது. மணிக்கு நா உண்டு. மீன் நிறுக்கும் தராசிற்கும் நா உண்டு. நெருப்பிற்கு 'எழுநா' என்றே ஒரு பெயர் உண்டு. நம் கடற்கரை மீனவர் ஒரு தட்டை மீனை 'எருமைநாக்கு' என்பர். 1801இல் அச்சேறிய அதன் அறிவியற்பெயரில் 'எருமை' என்னும் தமிழ்ச்சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. நாநயம், நாத்தவறு, நாவலர் என வழங்குங்கால் நா பேச்சையும் குறிக்கிறது. எனினும் ஒருவன் பேசும் திறத்தோடு அது நின்றுவிடுகிறது. ஓர் இனத்தார் பேசும் மொழி என்னுமளவிற்கு விரியவில்லை. எனவே 4ஆம் வசனத்தில் 'பாஷை' என்றெழுதியோரை நாம் குறைகூறவில்லை. 'வேறு நாவுகளில் பேசினார்கள்' என்பது தமிழாகாது.

ஆனால் வேறோர் இடத்தில் நமக்கு மனக்குறை உண்டு. ஏசாயா 11:15இல் எபிரேயம் 'கடலின் நாவு' என்கிறது. நிலத்தினுள் நீண்டு புகுந்த நீர்ப்பரப்பு அது. பழைய தமிழ்த் திருப்புதல் அதைச் 'சமுத்திரமுனை' என்றது. முனை என்றதும் கடலினுள் நீண்ட நிலமே தமிழர் மனத்தில் தோன்றும். கடல் நீர் நுழையும் வாயிலை முகத்துவாரம் என வழங்கி, மணல் அதனை அடைக்குந்தோறும் அல்லலுறும் ஏரிக்கரை மக்களுக்கு நீரும் நிலமும் இடம் மாறிய இவ்வாக்கியம் எவ்வாறு விளங்கும்?

இதனினும் பெரிது 'அந்நியபாஷை'. 1 கொரிந்தியர் 14:2இல் கிரேக்கம் 'நாவில் பேசுகிறவன்' என்னும் அளவில் நிற்கிறது; 'அந்நிய' என்பது மூலத்தில் இல்லை. ஆங்கிலத் திருப்புதலும் 'அறியப்படாத' என்று சேர்த்ததேனும், அது சேர்க்கை என்பதைச் சாய்ந்த எழுத்தால் காட்டியது. தமிழில் அவ்வேறுபாடும் இல்லை. அதே அதிகாரத்தின் 11ஆம், 21ஆம் வசனங்களில் அந்நியரைப் பற்றிய பேச்சு வருவதால் இச்சேர்க்கைக்கு ஓரளவு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'பரவசப்பேச்சு' என்றது. அதுவும் மொழிபெயர்ப்பைக் கடந்த விளக்கமே. நாம் அஞ்சுவது இதன் விளைவையே. கொரிந்துச் சபைக்குரிய இச்சொல்லைப் பெந்தெகொஸ்தே நாளின்மேல் ஏற்றி, அந்நியபாஷை பெற்றவர், பெறாதவர் என விசுவாசிகளைப் பகுக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. எருசலேமில் நிகழ்ந்ததோ இதற்கு மாறானது. அங்கே கூடினோர் அந்நியமானதைக் கேட்கவில்லை. தத்தம் பிறந்த மொழியைக் கேட்டனர்.

பழவேற்காட்டில் 1632 முதல் 1642 வரை குருவாயிருந்த ஒல்லாந்தர் ஆபிரகாம் ரொஜேரியுஸ், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் இந்நாட்டுச் சமயத்தைக் கேட்டறிந்தார். இருவருக்கும் பிறப்பு மொழியல்லாத போர்த்துகேயமே அவர்களிடையே வழங்கியது. அந்நூல் 1651இல் ஒல்லாந்த மொழியில் வெளிவந்து, 1670இல் பிரெஞ்சிலும் வந்தது. அந்நிய மொழியால் அறிவு கடல் கடக்கும் என்பதற்கு அது சான்று. நற்செய்தி ஒருவன் வீட்டினுள் நுழைவதற்கோ அவன் சொந்த மொழியே வேண்டும்.

ஆதலால் குருமாணவர்க்கு ஒன்று கூறுவோம். இவ்வாசகத்தை விளக்குமுன் 'நாவு', 'பாஷை' இரண்டும் மூலத்தில் ஒன்றே எனச் சபையாருக்கு எடுத்துரையுங்கள். 'அந்நிய' என்பது மொழிபெயர்த்தோர் சேர்த்தது என்பதையும் மறையாது சொல்லுங்கள். பிறகு தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் அவ்வேரிக்கரையில், அம்மக்கள் தம் வலையையும் படகையும் பற்றிப் பேசும் மொழியிலேயே அருளுரை ஆற்றுங்கள்.