சித்திரகவியும் கூடிப் பயிலும் மரபும்: தில்லை வட்டாரத்தை முன்வைத்து

தமிழில் சோதனைக் கவிதை என்பது இருபதாம் நூற்றாண்டின் புதுக்கவிதையோடு தோன்றியது என்னும் எண்ணம் பரவலாக இருப்பினும், எழுத்தின் வரிசை, வாசிப்பின் திசை, சொற்களைப் பிரிக்கும் முறை ஆகிய மூன்றையும் ஒருங்கே சோதித்துப் பார்த்த செய்யுள்கள் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்பே கொள்ளிடத்தை அடுத்த தில்லை (சிதம்பரம்), சீகாழி வட்டாரத்தில் பாடப்பட்டுவிட்டன. இவை சித்திரகவி எனவும், பாடுவோரும் பொருள் காண்போரும் அரிதின் முயல வேண்டியிருத்தலின் மிறைக்கவி எனவும் வழங்கப்பெறும். சீகாழியில் பிறந்த திருஞானசம்பந்தர் மொழிமாற்று, மாலைமாற்று, ஏகபாதம், சக்கரமாற்று, எழுகூற்றிருக்கை முதலிய வடிவங்களில் பதிகங்கள் அருளியதைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் வரிசைப்படுத்துகிறார். அந்நூலே தில்லையில், அவையோர் கூடியிருக்க, அரங்கேறியது என்பது மரபு.

இவ்வடிவங்களுக்கு இலக்கணம் வகுத்த நூல்களுள் முதன்மையானது, வடமொழிக் காவ்யாதர்சத்தைத் தழுவிய தண்டியலங்காரம். அதன் சொல்லணியியல் கோமூத்திரி, கூடசதுக்கம், மாலைமாற்று, எழுத்துவருத்தனம், நாகபந்தம், வினாவுத்தரம், காதைகரப்பு, கரந்துறைச்செய்யுள், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம், அக்கரச்சுதகம் என்னும் பன்னிரண்டை விளக்குகிறது. மூலநூலாசிரியராகிய தண்டி, புதிர்ச்செய்யுள்களின் பயனைக் கூறுமிடத்து, கூடிப் பொழுதுபோக்கும் அவைகளையும் அறிந்தோர் தமக்குள் நிகழ்த்தும் மறைமொழி உரையாடலையும் முன்வைப்பது கருதத்தக்கது. அருங்கவிதையைத் தோழமையோடு பயில்வது அதன் இலக்கணத்திலேயே இடம்பெற்றிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சருப்பதோபத்திரத்தின் அமைப்பை நோக்கின் இவ்வுண்மை மேலும் விளங்கும். அடிக்கு எட்டு எழுத்தாக நான்கு அடிகள் கொண்ட இச்செய்யுளை, எட்டுக்கு எட்டாக வரைந்த 64 அறைகளில் மேலிருந்து ஒருமுறையும் கீழிருந்து ஒருமுறையும் எழுதினால், இடம், வலம், மேல், கீழ் என எத்திசையில் தொடங்கிப் படித்தாலும் அதே நான்கு அடிகள் கிடைக்கும். இதனால் ஓர் அறையில் நிற்கும் எழுத்து குறைந்தது நான்கு அறைகளில் நின்றாக வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், புலவர் தம் விருப்பப்படி எழுத்தைத் தேர்ந்துகொள்ளும் இடங்கள் பத்து மட்டுமே. ஏடெழுதியவர் ஓரிடத்தில் பிழைத்திருந்தாலும், ஒருவர் நெடுக்கிலும் மற்றொருவர் குறுக்கிலுமாகப் படித்து ஒப்பிடுங்கால் அப்பிழை தானே வெளிப்பட்டுவிடும்.

பிழை களைந்த பின்னும் பொருள் காண்பது எளிதன்று. மாலைமாற்று என்பது முதலிலிருந்து படித்தாலும் இறுதியிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் செய்யுள். புள்ளி பெற்ற ஒற்றெழுத்து சொல்லுக்கு முதலில் வாராது ஆதலால், திருப்பிப் படிக்கும்போது இடர்ப்படாதவாறு அவ்வெழுத்துகளைப் புலவர் விலக்குகின்றனர். ஆயினும் ஒற்றுகள் அங்கே இல்லாமல் போய்விடவில்லை; 'தாம் ஆடும்' என்பது 'தாமாடும்' எனப் புணர்வதுபோல, அவை அடுத்த உயிரோடு சேர்ந்து மறைந்து நிற்கின்றன. எந்த இடத்தில் எந்த ஒற்றைப் பிரித்தெடுப்பது என்பதில் உரைகாரர்கள் வேறுபடுவதற்கு இதுவே காரணம். ஓலைச்சுவடியில் புள்ளியும், எகர ஏகார வேறுபாடும், சொல்லுக்கிடையே வெளியும் பெரும்பாலும் இல்லாமையால், வயலைக் குறிக்கும் 'செறு' என்பதும் 'சேறு' என்பதும் ஒரே வடிவில் நின்று இவ்வருமையை மிகுவித்தன.

ஒன்றிலிருந்து ஏழுவரை எண்கள் படிப்படியாக ஏறி இறங்குமாறு அமைத்து, தேர் வடிவில் அடைக்கப்பெறும் எழுகூற்றிருக்கையில் அருமை வேறு வகையினது. யானையைக் குறிக்கும் 'நால்வாய்' என்ற சொல்லுக்குப் பொருள் தொங்கும் வாய் என்பதே. ஆயினும் அது நான்கு என்னும் எண்ணின் இடத்தையும் நிரப்பிவிடுகிறது. அச்சத்தைச் சுட்டும் 'அஞ்சு', வழியையும் புனலையும் சுட்டும் 'ஆறு' ஆகியனவும் இவ்வாறே இரட்டைப் பணி ஆற்ற வல்லன. எண்ணை மட்டும் தேடுவோர் பொருளைத் தவறவிடுவர். பொருளை மட்டும் தேடுவோர்க்குத் தேரின் வடிவம் புலப்படாது.

இத்தகைய செய்யுளை அணுகும் நெறியைப் பவணந்தி முனிவரின் நன்னூல் வகுத்துத் தந்துள்ளது. ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்குப் புலமையே. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் கைகூடும் என்கிறது அந்நூல். அதே நூல் கூறும் கொண்டுகூட்டு, விற்பூட்டு, அடிமறிமாற்று முதலிய எட்டுப் பொருள்கோள்கள், அதாவது செய்யுளில் சிதறி நிற்கும் சொற்களை இயைத்துப் பொருள் கொள்ளும் முறைகள், இக்கூட்டுப் பயிற்சிக்கு உரிய கருவிகளாகும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதிகள் பலவற்றைப் பாடம் கேட்ட உ.வே.சாமிநாதையர், 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக விளங்கியதால், அப்பாடமரபின் ஒரு கிளை இவ்வூரையும் எட்டியது. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானபோது, யாப்பின் வகைகளுக்கெல்லாம் சிவபெருமானைப் பாடியே எடுத்துக்காட்டுத் தந்த குமரகுருபரரின் சிதம்பரச் செய்யுட்கோவையும், இரட்டைப் புலவர் இருவர் இணைந்து பாடிய தில்லைக் கலம்பகமும் அந்நகரின் பழஞ்செல்வமாக முன்பே இருந்தன.

புதுக்கவிதைக்கும் இந்நெறி புறம்பானதன்று. 1959இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ், புரியவில்லை என்று ஒதுக்கப்பட்ட கவிதைகளோடு அவற்றைப் பற்றிய விமர்சனங்களையும் வெளியிட்டு, பழைய அவையின் பணியை அச்சில் நிறைவேற்றியது. 1960இல் பாரிசில் தொடங்கப்பெற்ற ஊலிப்போ என்னும் குழுவும், கடுங்கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு எழுதும் முறையை எழுத்தாளர்களும் கணித அறிஞர்களும் கூடி ஆய்ந்ததன் விளைவே.

சித்திரகவியைச் சொல் விளையாட்டென்று தள்ளுவதும் தெய்வ வாக்கென்று தொழுது நின்றுவிடுவதும் அதனைப் படிக்காமல் விடுவதற்கான இரு வழிகளே. தமிழ்த் துறைகளும் ஊர்தோறும் உள்ள இலக்கிய அமைப்புகளும் மாலைமாற்றுப் பதிகத்தையும் புதுக்கவிஞர் பிரமிளின் கவிதையையும் ஒரே அமர்வில் வைத்து, வெவ்வேறு பிரிப்புகளையும் உரைகளையும் முன்னிறுத்தி வாதிட இடமளிக்க வேண்டும். நன்னூலார் சொன்ன அரைப் பங்குப் புலமை, படித்ததைப் பிறர்முன் எடுத்துரைக்கத் துணிவோர்க்கே கிட்டும்.