தெற்கு வாசலும் தில்லிக் குளிரும்

தில்லிக் கடைத்தெருக்களில் ஃபெங் சூயி என்று கேட்டால் சிரிக்கும் புத்தரையும் மூன்று கால் தவளையையும் எடுத்து நீட்டுவார்கள். அந்தத் தொந்திக்காரர் 10-ஆம் நூற்றாண்டுத் துறவி புடாய். சீனரின் மனை பார்க்கும் கலையான ஃபெங் சூயிக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குவோ பூ என்பவர் பெயரில் வழங்கும் இக்கலையின் பழைய நூலோ கல்லறைக்கு இடம் தேடுவதைப் பற்றிப் பேசுகிறது. உயிரோடிருப்பவர் வீடு யாங் மனை, இறந்தவர் வீடு யின் மனை என்பது சீனர் கணக்கு.

மரபுகள் பல. டாங் காலத்து யாங் யுன்சொங் வழியினர் மலையும் நீரோட்டமும் பார்த்தார்கள். திசைமானிக்காரர்கள் லுவோபான் தட்டில் வட்டத்தை 24 பிரிவாக்கி, பிரிவுக்கு 15 பாகை என்று அளந்தார்கள். அவர்களிலும் எண்மனைக்காரர் பிறந்த ஆண்டைக் கேட்பார். பறக்கும் விண்மீன்காரருக்கு 20 ஆண்டுக்கு ஒருமுறை பலன் மாறும், 2024-இல் ஒன்பதாம் காலம் பிறந்துவிட்டது. அமெரிக்காவில் லின் யுன் பரப்பிய கறுப்புத் தொப்பி மரபுக்குத் திசைமானியே வேண்டாம், வாசலை வைத்தே மூலைகளைப் பிரித்துவிடும். தில்லி வளர்ச்சி ஆணையத்தின் (டி.டி.ஏ.) அடுக்ககத்தில் இரும்புக் கிராதிக்குப் பக்கத்தில் முள் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு அதுவே நிம்மதி.

சிக்கல் மீன்தொட்டியில் தொடங்குகிறது. இன்றைய ஃபெங் சூயி கைநூல்களில் தென்கிழக்கு செல்வ மூலை. அங்கே தண்ணீர் வைக்கலாம். நம் மனையடி சாஸ்திரத்தில் அது அக்கினி மூலை, தண்ணீருக்கு வடகிழக்கான ஈசானியம்தான். இரண்டையும் ஒரே கூடத்தில் கலந்து ஆலோசனைக் கட்டணம் வாங்குகிறவரை நான் நம்பமாட்டேன்.

வெயிலையும் காற்றையும் விசாரிக்கிற மரபையே நான் மதிப்பேன். வட சீனத்தில் வீடு வடக்கே முதுகு காட்டித் தெற்கே பார்க்கும். வாடைக்கு மறைப்பு, குளிர்கால வெயிலுக்கு வரவேற்பு. தெற்கு வாசல் என்றாலே முகம் சுளிக்கும் தமிழ்க் குடும்பம் தில்லியில் இதை யோசிக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் இங்கே உச்சி வெயிலே தெற்கில் சுமார் 38 பாகை உயரத்தில்தான் நிற்கும். பால்கனியைத் தாண்டிக் கட்டில்வரை வரும். ஜூனில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல். ஒரு சிறு சன்ஷேடே போதும். பயப்பட வேண்டியது மேற்குச் சுவருக்கு. மே மாதத்தில் லூ என்னும் அனல்காற்று அடிப்பதும் அந்தப் பக்கம்தான். அங்கே வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள், அல்லது கூலரை மாட்டுவார்கள். வெப்பமான யாங்கைக் குளிர்ந்த யின் தணிக்கிறது என்பதற்கு இதைவிட நேரான பாடம் இல்லை. அதே கூலர் ஜூலை மழையில் படுக்கை விரிப்பைப் பிசுபிசுக்க வைக்கும். யின் மிஞ்சிவிட்டது என்பார் சீனர்.