இறுகிய ஆயில் நட்டைக் கழற்றும் கலை

எஞ்சினின் அடிப்பகுதியில், கிராங்க்கேஸின் மிகத் தாழ்வான இடத்தில், தலைகீழாக முடுக்கப்பட்டிருக்கும் ஒற்றைப் போல்ட்டுதான் ஆயில் நட்டு. பழைய கறுப்பெண்ணெய் முழுவதும் அந்த ஒரு துளை வழியாகத்தான் இறங்க வேண்டும். நட்டு சுலபமாகக் கழன்றால் வீட்டு வாசலில் எண்ணெய் மாற்றுவது கால் மணி நேர வேலை. கழல மறுத்தால் அங்கே தொழில் தெரிந்த கை தேவைப்படுகிறது. வெறுமனே திருப்புவதற்குப் பலம் போதும். தலை மழுங்காமல், மரை கெடாமல், கிராங்க்கேஸ் விரிசல் விடாமல் கழற்றுவதற்குப் பக்குவம் வேண்டும். அந்தப் பக்குவம் உள்ளவரின் வேலை, பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துப் பார்க்கத் தகுந்தது.

கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்தில், கரங்கான், மஹாங், பாடாங் செராய் வட்டாரத்தில் இந்தக் கைவேலைக்கு நல்ல விளைநிலம் உண்டு. டப்ளின் தோட்டம் போன்ற பெருந்தோட்டங்களின் மண் சடக்குகளில் ரப்பர் பால் வாளியும் மனிதரும் ஏறிப் போகக் கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிள்தான் துணை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் வண்டி மாறவில்லை. 1958இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வழித்தோன்றல்களான சி70, இஎக்ஸ்5 வண்டிகள் ஒருபுறம். 1995இல் நிறுவப்பட்டு கெடாவின் குரூணில் ஆலை கொண்ட மொடெனாஸ் தந்த கிரிஸ் மறுபுறம். இவ்வகை எஞ்சின்களில் கிளட்சும் கியரும் எஞ்சினோடு ஒரே எண்ணெயில்தான் மூழ்கியிருக்கின்றன. அந்த எண்ணெயும் ஒரு லிட்டருக்குக் குறைவு. இவ்வளவு வேலையை இவ்வளவு கொஞ்சம் எண்ணெய் சுமப்பதால் அடிக்கடி மாற்றியாக வேண்டும். அடிக்கடி மாற்றுவதால் ஆயில் நட்டு பல கைகளிடம் பாடுபடுகிறது.

நட்டு இறுகுவதற்கு முதற்காரணம் துரு அன்று. கடைசியாக முடுக்கிய கை. சிறிய ஹோண்டா எஞ்சின்களின் ஆயில் நட்டுக்கு ஏறக்குறைய 24 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். 20 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் சுமார் 12 கிலோ அழுத்தம் கொடுத்தால் அது கிடைத்துவிடும். எண்ணெய் கசிந்துவிடுமோ என்ற பயத்தில் அதே ஸ்பானரை ஒருவர் காலால் மிதித்து 60 கிலோவை ஏற்றினால், முறுக்கு ஐந்து மடங்காகிறது. வாஷர் நசுங்குகிறது, மரை இழுபடுகிறது. மற்றக் காரணங்கள் அதற்கு அடுத்தவை: பல முறை பயன்படுத்திய வாஷர் கிராங்க்கேஸோடு ஒட்டிக்கொள்வது, எஃகும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்து அரித்துக்கொள்வது, செம்மண் நட்டின் தலையைச் சுற்றிக் காய்ந்து கெட்டியாவது.

முடுக்கும்போது செலவாகும் விசையில் ஏறத்தாழ பாதி, நட்டின் தலைக்கும் அது உட்காரும் பரப்புக்கும் இடையிலுள்ள உராய்விலேயே போய்விடுகிறது. மரையின் உராய்வு இன்னும் ஒரு பெரும்பங்கைத் தின்கிறது. கழற்றும்போது எதிர்க்கும் பிடியும் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. இது தெரிந்தவர் மரையை மட்டும் நினைத்துக்கொண்டிருக்காமல், வாஷர் ஒட்டியிருக்கும் இடத்தையும் கவனிக்கிறார்.

வேலை சுத்தம் செய்வதில் தொடங்குகிறது. வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கம்பி பிரஷால் நட்டின் ஆறு பக்கங்களிலும் உள்ள மண்ணை உரித்தெடுக்க வேண்டும். மண் அரை மில்லிமீட்டர் தங்கினாலும் ஸ்பானர் முழு ஆழத்துக்கு இறங்காது. பிறகு எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டிச் சூடாக்குவார்கள். எண்ணெய் இளகி, அடியில் படிந்த கசடோடு சேர்ந்து இறங்குவது ஒரு பலன். மற்றொரு பலனும் இருக்கிறது. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், எஃகு நட்டின் மீதுள்ள அலுமினியக் கிராங்க்கேஸின் பிடி சற்றே தளரும். எண்ணெய் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்க விடக் கூடாது. நெருப்பு காட்டிச் சூடாக்குவது எண்ணெய் ஆவிக்குப் பக்கத்தில் செய்யக் கூடாத காரியம்.

அடுத்தது கருவித் தேர்வு. இந்த நட்டுகளின் தலை பெரும்பாலும் 17 மில்லிமீட்டர். வாய் திறந்த ஸ்பானர் இரண்டு பக்கங்களை மட்டும் பிடிப்பதால், இறுகிய நட்டில் அதன் வாய் விரிந்து மூலைகளைத் தேய்த்துவிடும். அளவை மாற்றிக்கொள்ளும் ஸ்பானர் அதைவிட ஆபத்து. பன்னிரண்டு முனை ரிங் ஸ்பானர் ஓரளவு நல்லது. ஆறு முனைச் சாக்கெட்டுதான் உத்தமம், ஏனென்றால் அது மூலைகளை விட்டுத் தட்டையான பக்கங்களைத் தள்ளுகிறது. சாக்கெட்டை மாட்டிய பின் விரலால் அசைத்துப் பார்ப்பது தேர்ந்த கையின் அடையாளம். அந்த அசைவில் ஆட்டம் இருந்தால் கருவி சரியில்லை.

திசையில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். நட்டின் தலை தரையைப் பார்த்திருக்கிறது. கீழிருந்து பார்த்தால் இடப்புறமாகச் சுற்றினால் கழலும். வண்டிக்குப் பக்கத்தில் குந்தி மேலிருந்து குனிந்து பார்ப்பவருக்கு அதே சுற்று கடிகார முள் திசையாகத் தெரியும். இதை மறந்து, வழக்கம்போல் இடப்புறம் திருப்பி, இறுகிய நட்டை மேலும் இறுக்கியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஸ்பானரில் கை வைக்குமுன் ஒரு விநாடி நின்று திசையை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பிடியை உடைப்பது மெதுவான இழுப்பைவிடக் குறுகிய அதிர்ச்சியே. நின்ற நிலையின் உராய்வு பொதுவாக நகரும்போதுள்ள உராய்வைவிட அதிகம். அந்த முதல் இம்மியை வென்றால் மற்றது தானே வரும். முதலில் நட்டின் தலைக்கு அடியிலிருந்து பித்தளைக் கம்பி வைத்து இரண்டு மூன்று மென்மையான தட்டு. வாஷரின் ஒட்டு அதில் விட்டுவிடுவதுண்டு. அடுத்து ஒரு மயிரிழை அளவு முடுக்கும் திசையில் அசைத்துவிட்டு எதிர்த்திசையில் திருப்புவது. அதற்கும் மசியாவிட்டால் ஒரு கையால் சாக்கெட்டை நட்டோடு அழுத்திப் பிடித்து, மறு கையால் ஸ்பானரின் நுனியில் ரப்பர் சுத்தியலால் சுருக்கென்று ஓர் அடி. கைப்பிடியில் குழாய் மாட்டி நீளத்தை இரு மடங்காக்கினால் முறுக்கும் இரு மடங்காகும்; ஆனால் அப்போது நட்டு தரும் செய்தி கைக்கு எட்டாது. காரில் இதைச் செய்பவர் ஜாக்கை மட்டும் நம்பாமல் தாங்கி ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் போக வேண்டும்.

நட்டு கைக்குத் தரும் அந்தச் செய்தியைப் படிப்பதில்தான் கலையின் உச்சம் இருக்கிறது. நல்லபடியாக விடுபடும் நட்டு உலர்ந்த, கூர்மையான ஒரு ‘டக்’ ஒலியோடு விடும். அடுத்த நொடியே ஸ்பானர் இலகுவாகும். தலை மழுங்கும்போது ஒலி இராது. சாக்கெட் கொழகொழவென்று நழுவுவதை உள்ளங்கை உணரும். மரை கிழிவதாக இருந்தால் நட்டு சுற்றும், ஆனால் சுமை குறையாது, மொரமொரப்பு இருந்துகொண்டே இருக்கும். இரண்டாவதோ மூன்றாவதோ தெரிந்த கணமே கையை எடுத்துவிடுபவர்தான் தேர்ந்தவர்.

துரு இளக்கும் எண்ணெயைப் பலர் முதல் மருந்தாக நினைக்கிறார்கள். ஆயில் நட்டில் அதன் பயன் குறைவு. வாஷர் வெளிப்பக்கத்தை அடைத்திருப்பதால் அது மரை வரை ஊறிப் போவது அரிது. ஓரத்துத் துருவை இளக்க ஓர் இரவு ஊற விடலாம். அற்புதத்தை எதிர்பார்க்க முடியாது.

தலை ஏற்கெனவே மழுங்கியிருந்தால் வழிகள் வரிசையாக உள்ளன. எதிரெதிரான இரண்டு பக்கங்களை அரத்தால் இணையாகச் சீவி, ஓர் அளவு சிறிய ஸ்பானரைப் பொருத்துவது பழைய பட்டறை முறை. 16 மில்லிமீட்டர் சாக்கெட்டை அடித்து ஏற்றுவது இன்னொன்று. உள்ளே திருகு பற்கள் கொண்ட பிடுங்கும் சாக்கெட், சுழற்றச் சுழற்ற இன்னும் ஆழமாகக் கடிக்கும். பூட்டும் இடுக்கி கடைசிக்கு முந்தியது. உளியைத் தலையின் விளிம்பில் சாய்த்து வைத்துக் கழலும் திசையில் தட்டுவது கடைசி. அலுமினியத்தில் உளி ஒரு முறை தவறினாலும் கிராங்க்கேஸ் போய்விடும். மரை கிழிந்து நட்டு வெளியே வந்தால் துளையைப் பெரிதாக்கிக் கம்பிச்சுருள் மரை பொருத்துவது, ஒரு சுற்றுப் பெரிய நட்டைப் போடுவதைவிட நீடித்த தீர்வு.

இறங்கும் எண்ணெயைப் பழைய மிலோ டின்னிலோ பக்கவாட்டில் வெட்டிய எண்ணெய்ப் போத்தலிலோ பிடித்து, மூடிய கலனில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுக்க வேண்டும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் பயன்படுத்திய மசகெண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற குறியீட்டோடு அபாயக் கழிவாக இடம்பெறுகிறது. வீட்டுக் கால்வாயில் ஊற்றினால் அது மழையோடு ஆற்றில்தான் போய்ச் சேரும்.

மாட்டும் முறையில் வேலை முழுமை பெறுகிறது. வாஷர் புதிதாக இருக்க வேண்டும். செம்பு வாஷர் என்றால் செக்கச் சிவக்கக் காய்ச்சி ஆற விட்டால் மீண்டும் மிருதுவாகிப் புதிதுபோல் உட்காரும். துளையின் வாயையும் மரையையும் துணியால் துடைத்து, முதல் மூன்று நான்கு சுற்றுகளை விரலால் மட்டுமே முடுக்க வேண்டும். விரலுக்கு மறுத்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். உடனே திருப்பி எடுத்து மறுபடி தொடங்க வேண்டும். பிறகு குட்டை ஸ்பானரால், மணிக்கட்டின் பலத்தில், வாஷர் நசுங்கி உட்காரும் வரை. முறுக்களவு காட்டும் ஸ்பானர் இருந்தால் 24 நியூட்டன் மீட்டருக்கு வைத்து நிறுத்தலாம். புது எண்ணெய் ஊற்றி, எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி, நட்டின் அடியில் வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பார்க்க வேண்டும். காகிதம் உலர்ந்திருந்தால் வேலை சரி. அடுத்த முறை எண்ணெய் மாற்றுபவர், அவர் யாராக இருந்தாலும், சாதாரண ஸ்பானரால் ஒரே இழுப்பில் கழற்ற முடிந்தால், முடுக்கியவர் இந்தக் கலையில் தேர்ந்தவர் என்று சொல்லலாம்.