நீரில் கரைந்தால் தீங்கில்லையா?

"பி வைட்டமின் நீரில் கரையும், மிகுந்தது சிறுநீரில் போய்விடும், எவ்வளவு தின்றாலும் தீங்கில்லை" என்பார்கள். இக்கூற்று பாதிதான் சரி.

தஞ்சையில் நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்குகிறது. தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்தோரைத் தாக்கிய பெரிபெரி நோய், புழுங்கலரிசி உண்டோரை அவ்வளவாக அண்டாததற்கு இதுவே காரணம். சோற்றில் வரும் சத்து அளவு மீறாது.

மாத்திரையின் கதை வேறு. அதில் பி6-உம் உண்டு. நமக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 2 மில்லிகிராமே. மாதக்கணக்கில் தினமும் 2 முதல் 6 கிராம் வரை உட்கொண்ட 7 பேருக்குக் கால் மரத்து, நடை தள்ளாடியதை அமெரிக்க மருத்துவர்கள் 1983-இல் வெளியிட்டனர்.

வாசகர்களே, கால் மரத்தால்தானே நாம் பி மாத்திரையைத் தேடுகிறோம்! குறைந்தாலும் மரப்பு, மிகுந்தாலும் மரப்பு. ஆகவே அட்டையில் பி6-இன் அளவைப் பாருங்கள். இருவகைச் சத்து மாத்திரைகளைச் சேர்த்து விழுங்காதீர்கள். மரப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.