பள்ளிக்கூடத்தில் வணிகம்: ஒரு மதிப்பீடு

நம் நாட்டுப் பாடசாலைகள் எழுதுவினைஞரை ஆக்குகின்றனவேயன்றித் தொழில் முயல்வோரை ஆக்குகின்றனவல்ல என்னும் குற்றச்சாட்டு மிகப் பழையது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலே எழுந்த இக்குறை இன்றும் பரிசளிப்பு விழா மேடைகளிலே தவறாது கேட்கப்படுகின்றது. அதற்கு மருந்தாகக் கூறப்படுவதும் ஒன்றே: வணிகத்தையும் தொழில் முயற்சியையும் பாடவிதானத்திற் சேர்த்தல் வேண்டும், மாணவர் சிறு கம்பனி அமைத்து நடத்திப் பழகுதல் வேண்டும், அவ்வாறு செய்யின் அவர் உத்தியோகத்துக்குக் காத்திராது தாமே தொழில் தொடங்குவர் என்பது. வணிகம் கற்பித்தல் தகாது என்பது எமது கருத்தன்று. அதனை எதன்பொருட்டுக் கற்பிக்கின்றோம், எந்த அளவுகோலால் அதன் வெற்றியை அளக்கின்றோம் என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

மேற்கூறிய குற்றச்சாட்டின் அடியில் ஓர் எண்ணம் மறைந்து கிடக்கின்றது. மாணவன் எத்தொழிலை நாடுவான் என்பதை அவன் கற்ற பாடமே தீர்மானிக்கின்றது என்பதே அது. கானா நாட்டுக் கல்வியை ஆராய்ந்த பிலிப் பொஸ்ரர் என்னும் அறிஞர் 1965 இல் இவ்வெண்ணத்தை மறுத்து எழுதினார். அந்நாடு ஆங்கிலேயர் கையில் இருந்தபோது விவசாயமும் கைத்தொழிலும் கற்பிக்கப் பலமுறை முயன்றனர். மாணவரோ ஏட்டுக் கல்வியையே விரும்பினர். அது மடமையன்று, எழுதுவினைஞர் உத்தியோகமே கூடிய வருவாய் தந்தமையால் அவர் கணக்கறிந்தே தெரிந்தெடுத்தனர் என்பது பொஸ்ரரின் முடிபு. தொழில்வாய்ப்புக்கள் மாறாதிருக்கப் பாடத்தை மட்டும் மாற்றுதல் பயன்தராது என்றார் அவர்.

இம்முடிபுக்குச் சான்று தேட யாழ்ப்பாணத்தார் ஆபிரிக்கா வரை செல்லவேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு ஆங்கிலம் கற்ற இளைஞர் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் சென்றனர். அதே காலத்தில் காரைநகரிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் புறப்பட்டோர் தென்னிலங்கை நகரங்களிலே கடை வைத்தனர். யாழ்ப்பாணத்துச் சுருட்டு அக்கடைகள் வழியே நாடெங்கும் பரவிற்று. கடைக்குச் சென்ற பையனுக்கு எந்தப் பாடவிதானமும் முயற்சியைப் போதிக்கவில்லை. உத்தியோகமும் கடையும் ஆகிய இரண்டும் வருவாயுள்ள வழிகளாய் இருந்தன. குடும்பங்கள் தத்தம் நிலைக்கேற்ப ஒன்றையோ இரண்டையுமோ பற்றிக்கொண்டன. நம்மவர் உத்தியோக மோகங் கொண்டோர் என்று பொதுப்படக் கூறுவோர் இப்பாதி வரலாற்றை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

அரசாங்கமும் ஒருமுறை இதனைச் செய்து பார்த்தது. 1971 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி, படித்து வேலையற்றிருந்த இளைஞரின் நிலையை எல்லோர்க்கும் உணர்த்திற்று. அடுத்த ஆண்டிலே வந்த கல்விச் சீர்திருத்தம், சூழலிலுள்ள தொழில்களை அடிப்படையாகக் கொண்ட தொழில்முன்னிலைப் பாடங்களை இடைநிலை வகுப்புக்களிற் புகுத்தியது. நோக்கம் நல்லதே. ஆயினும் தம் பிள்ளை பல்கலைக்கழகம் புக வேண்டுமென விரும்பிய பெற்றோர்க்கு அது இரண்டாந்தரக் கல்வியாகவே தோன்றிற்று. 1977 இல் ஆட்சி மாறவே அத்திட்டமும் கைவிடப்பட்டது. குறுகிய காலத்தில் ஒரு திட்டத்துக்குத் தீர்ப்புக் கூறுதல் முறையன்று என்பது உண்மையே. எனினும் பெற்றோரின் ஐயம் தொழில்வாய்ப்பு நிலையை அறிந்தெழுந்த ஐயம் என்பதையும் மறுத்தல் அரிது.

இனி, பாடசாலைக்குள்ளே வணிகம் பயிற்றப்படும் முறையை நோக்குவோம். சிறுவர் சந்தை, மாணவர் கம்பனி என்பன இன்று பலரும் விரும்பும் முறைகள். ஓர் உதாரணம் கூறுவோம். இருபது மாணவர் தலைக்கு 500 ரூபாவாக 10,000 ரூபா முதல் திரட்டுகின்றனர். வடை, மோதகம், சர்பத்து விற்று 14,000 ரூபா பெறுகின்றனர். 4,000 ரூபா இலாபம் என்று அறிவிக்கப்படுகின்றது, கைதட்டல் எழுகின்றது. முதலுக்கு நூற்றுக்கு நாற்பது வீத இலாபம் ஒரே நாளில்! இத்தகைய வியாபாரம் எங்கேனும் உண்டாயின் ஆசிரியர்களாகிய நாமும் கற்பித்தலை விட்டு அதற்கே செல்லலாம்.

கணக்கை மீட்டும் பார்த்தல் வேண்டும். வீட்டிலிருந்து தாய்மார் கொடுத்தனுப்பிய உழுந்து, எண்ணெய், தேங்காய், எரிவாயு ஆகியவற்றின் பெறுமதி 5,000 ரூபாவெனக் கொள்வோம். அஃது ஏட்டில் ஏறவில்லை. ஏறியிருப்பின் இலாபம் 1,000 ரூபா நட்டமாய் மாறியிருக்கும். இருபது பேர் ஆறு மணி நேரம் உழைத்தனர். அந்த நூற்றிருபது மணி நேரத்துக்குக் கூலி எழுதப்படவில்லை. மண்டபத்துக்கு வாடகை இல்லை. வாங்கியோர் யார்? பெற்றோரும் ஆசிரியருமே. அவர் வடையின் சுவைக்காக வாங்கினரல்லர்; பிள்ளையின் முகத்துக்காக வாங்கினர். கடன் கேட்டவர் இல்லை. கடன் வாங்கித் திருப்பிக் கொடாதவரும் இல்லை. மறுநாள் எஞ்சிய பொருள் என்னாயிற்று என்று வினாவியவரும் இல்லை.

இச்சந்தையிலே மாணவன் கூச்சமின்றிப் பேசவும், பிறரோடு கூடி வேலை செய்யவும், சில்லறை எண்ணவும் பழகுகின்றான். இவை சிறு பயன்களல்ல. ஆயின் வணிகத்தின் உயிர்நாடியாகிய செலவுக் கணக்கை அவன் பிழையாகவே கற்கின்றான். தன் உழைப்புக்கு விலையில்லை, வீட்டுப் பொருளுக்கு விலையில்லை என்பதே அவன் மனத்திற் பதியும் பாடம். நம் ஊர்ச் சிறு கடைகள் பல நொடிந்து போவதற்கு இந்தப் பிழையும் ஒரு காரணமன்றோ?

சிலப்பதிகாரத்தைத் தமிழ்ப் பாடத்திற் கற்கும் மாணவன் முதலிழந்த வணிகன் ஒருவனையும், எஞ்சிய சிலம்பை முதலாகக் கொண்டு மீண்டும் தொடங்க அவன் மதுரைக்குச் சென்றதையும் அறிகின்றான். நட்டம் என்பதை அவன் சந்திப்பது இலக்கிய வகுப்பிலே. வணிக வகுப்பிலே அன்று. இது விந்தையே.

மேலைநாடுகளில் இம்முறை பற்றிய ஆய்வுகள் சில வந்துள்ளன. ஒல்லாந்து தேசத்திலே, ஒரே கல்லூரியின் இரு கிளைகளுள் ஒன்றில் மாணவர் கம்பனித் திட்டம் கட்டாயமாயும் மற்றையதில் இல்லாமலும் இருந்தது. இரு கிளை மாணவரையும் ஒப்பிட்டு 2010 இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, முயற்சித் திறன்களில் குறிப்பிடத்தக்க வளர்ச்சி காணப்படவில்லை. சொந்தத் தொழில் தொடங்கும் விருப்பமோ குறைந்தே போயிற்று. சுவீடனில் இத்தகைய கம்பனித் திட்டத்திற் பயின்றோரைப் பதினாறு ஆண்டுகள் வரை தொடர்ந்து நோக்கி 2015 இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் கூறுகின்றது. பயின்றோர் தொழில் தொடங்குதலும் அதனாற் பெறும் வருவாயும் கூடின. ஆனால் அவர் தொடங்கிய தொழில்கள் பிறர் தொழில்களினும் நீடித்து நின்றனவல்ல.

ஒல்லாந்து முடிபைத் திட்டத்தின் தோல்வியெனக் கொள்வோர் உளர். நாம் அவ்வாறு கொள்ளோம். ஓராண்டு கம்பனி நடத்திப் பார்த்து, இது தனக்கேற்றதன்று என அறிந்த மாணவன் நட்டமடைந்தவனல்லன். பதினேழு வயதில் பங்குப் பணத்தோடு அறியவேண்டியதை முப்பது வயதில் வீட்டுறுதியை ஈடு வைத்து அறிதலே நட்டம். விருப்பம் வளர்ந்ததா என்று அளப்பதை விடுத்து, மாணவனின் மதிப்பீடு செம்மையுற்றதா என்று அளந்தாலன்றி இக்கல்வியின் பயன் புலப்படாது.

நமது நாட்டுச் சான்றும் இதற்கு அண்மையிலேயே நிற்கின்றது. இலங்கை நகர்ப்புறப் பெண்களுக்குச் சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் வணிகப் பயிற்சியை அளித்து இரண்டாண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வு 2014 இல் வெளிவந்தது. தொழில் தொடங்க விரும்பியோருக்குப் பயிற்சி அந்தத் தொடக்கத்தை விரைவாக்கிற்று; ஆனால் இறுதிக் கணக்கெடுப்பில், பயிற்சி பெறாதோரினும் அவருள் தொழிலுடையோர் மிகுந்திருக்கவில்லை. ஏற்கெனவே தொழில் செய்தோருக்குப் பயிற்சி மட்டும் கிடைத்தபோது இலாபம் உயரவில்லை. பயிற்சியோடு பணமும் பெற்றோரின் இலாபம் முதற் சில மாதங்களில் நன்கு உயர்ந்து, இரண்டாம் ஆண்டிலே அவ்வுயர்வு மங்கிவிட்டது.

பயிற்றப்பட்டோர் வளர்ந்த பெண்கள். மாணவரல்லர் என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. ஆயினும் நம் மாணவர் நாளை புகப்போகும் சந்தை அதுவேயாகும். வறட்சியால் வாடிய மாவட்டங்களிற் பெண்கள் பட்ட நுண்கடன்களுள் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டவற்றை நீக்குவதாக அரசாங்கம் 2018 இல் அறிவிக்க நேர்ந்தது. அப்பெண்களிடம் முயற்சி இல்லை என்று எவரும் சொல்லார். கோழி வளர்த்தோரும் சிறு கடை வைத்தோரும் அவருள் இருந்தனர். வாரந்தோறும் கட்டும் தவணைக்கும் வாரந்தோறும் வரும் வருவாய்க்கும் உள்ள இடைவெளியை முன்கூட்டியே எழுதிப் பார்க்க அவருக்குக் கற்பித்தவர் எத்தனை பேர்?

ஆகவே நமது வணிக வகுப்புக்களிலே முயற்சியாளனின் பண்புகளை வரிசைப்படுத்தி மனனஞ் செய்வித்தல் குறைக்கப்படுதல் வேண்டும். வட்டியைக் கணக்கிடுதலும், உழைப்புக்கும் வாடகைக்கும் விலை எழுதுதலும், கடனுக்குக் கொடுத்த பணம் வாராதபோது ஐந்தொகை எவ்வாறு மாறுகின்றது என்று காணலும் அவ்விடத்தைப் பெறுதல் தகும். சிறுவர் சந்தையை நிறுத்தவேண்டியதில்லை. சந்தை முடிந்த மறுநாள் முழுக்கணக்கும் கரும்பலகையில் எழுதப்பட்டு, நட்டமாயின் நட்டமென்றே அதிபர் முன்னிலையில் வாசிக்கப்படட்டும். ஊரிலே கடை வைத்து நடத்தியவரை வகுப்புக்கு அழைத்தல் இப்போதும் சில பாடசாலைகளில் உண்டு. அழைக்கப்படுவோர் பெரும்பாலும் வென்றவர்களே. கடையை மூடியவர் ஒருவரும், அவர் இசைவாராயின் தம் பழைய பேரேட்டோடு, அவ்வகுப்புக்கு வருதல் நன்று.