பழைய ஹிமாலயன் வாங்கப் போகிறீர்களா?

மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 விலைக்கு வந்தால், முதலில் ஆசைதீரப் பார்த்துவிடுங்கள். பேரம் தொடங்கியபின் ரசிக்க முடியாது. 21 அங்குல முன்சக்கரம், 15 லிட்டர் டேங்க், அலட்டிக்கொள்ளாத 24 குதிரைத்திறன். வேகப்பிரியர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மால்சேஜ் மலைப்பாதையில் கியரைக் குறைக்காமலே ஏறும் அந்த இழுவைக்கு நான் அடிமை.

சரி, நோய்களுக்கு வருவோம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கம் ஒருவரை அழுத்தச் சொல்லுங்கள். முன்சக்கரம் மேலே எழும்பியதும் ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுந்ததுபோல் 'டக்'கென்று நின்றால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) தேய்ந்துவிட்டது. இந்த வண்டிக்குப் பேர்போன கோளாறு அது. மாற்றிவிடலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

மும்பை வண்டிக்கு உப்புக்காற்றும் நாலு மாத மழையும் வேறு. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துத் துருவைத் தேடுங்கள். குனிந்து சேஸிஸ் வெல்டுகளையும் பாருங்கள், விரிசல் இருந்தால் பேச்சே வேண்டாம்.

2016இல் வந்த முதல் கார்புரேட்டர் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். என் ஓட்டு 2020க்குப் பிந்தைய பிஎஸ்-6க்குத்தான். பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதியும் அதில் உண்டு.

ஊரிலிருந்து தமிழ்நாட்டு எண்ணோடு வந்த வண்டியா? என்ஓசி எனும் தடையில்லாச் சான்றைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.