சவாரி விலைக்கு ஒரு புத்தகம்

1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைம் ஊரில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. நுழைவாயிலைத் தாண்டியதும் வருகிற மெயின் ஸ்ட்ரீட் கடைகளுக்கு நடுவே அன்றைக்கு ஒரு புத்தகக் கடையும் இருந்தது. பெயர் ‘ஸ்டோரி புக் ஷாப்’. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்து, 1990களின் நடுவில் மறைந்துபோனது. டிஸ்னிலேண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் கோட்டையை எழுதுவார்கள், படகுச் சவாரியை எழுதுவார்கள், நீராவி ரயிலை எழுதுவார்கள். அந்தப் பூங்காவின் கலையை ரசிக்க விரும்புகிறவர் அந்தச் சின்னப் புத்தகக் கடையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

கடையை நடத்தியது விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் இருந்த வெஸ்டர்ன் பிரின்டிங் நிறுவனம். 1933 முதலே டிஸ்னி பாத்திரங்களைப் புத்தகமாக்கும் உரிமை அவர்களிடம் இருந்தது. பூங்கா கட்டப் பணம் தேடி வால்ட் டிஸ்னி அலைந்தபோது கைகொடுத்தவர்களில் ஏபிசி தொலைக்காட்சியின் 5 லட்சம் டாலரை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஓர் அச்சகம் 2 லட்சம் டாலர் போட்டு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வாங்கியதைச் சொல்பவர்கள் குறைவு. ஆகவே அந்தக் கடை வாடகைக்கு வந்து உட்கார்ந்த வியாபாரம் அல்ல. பூங்காவின் அஸ்திவாரத்தில் காகிதத்துக்கும் மைக்கும் பங்கு இருந்தது, அந்தப் பங்காளிக்கு வாசல் தெருவில் ஒரு கடை இருந்தது.

கடையின் அடையாளம் ‘லிட்டில் கோல்டன் புக்ஸ்’. சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தோடு சேர்ந்து 1942இல் வெஸ்டர்ன் தொடங்கிய வரிசை இது. முதலில் 12 தலைப்புகள், ஒவ்வொன்றும் 25 சென்ட். நல்ல படப் புத்தகம் 2, 3 டாலர் விற்ற காலம் அது. புத்தகக் கடைக்கே போகாத குடும்பங்களுக்கு மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் புத்தகம் கிடைத்தது. பெரிய ஆஃப்செட் இயந்திரங்களில் ஒரே அளவுப் புத்தகங்களை ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளியதால் விலை இறங்கியது. அட்டையும் அளவும் கட்டுமானமும் எல்லாத் தலைப்புக்கும் ஒன்றுதான். உள்ளேயிருக்கும் ஓவியத்தில் மட்டும் சிக்கனம் காட்டவில்லை. விலை குறைந்த புத்தகத்துக்கு நாட்டின் ஆகச் சிறந்த கைகளைத் தேடிப் பிடித்தார்கள் என்பதுதான் இந்த வரிசையின் பெருமை.

அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கெட்டி அட்டை, ஓரத்தில் கம்பித் தையல், அதை மூடி ஒட்டிய பொன்னிறப் பட்டை. திறந்தவுடன் உள்ளட்டையில் ‘இந்தப் புத்தகம் யாருடையது’ என்று பெயர் எழுத ஒரு கட்டம். பழைய புத்தகக் கடைகளில் இந்தப் புத்தகங்கள் அகப்படும்போது நான் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். கோணல் எழுத்தில், சில நேரம் ஓர் எழுத்து தலைகீழாக, ஒரு குழந்தை தன் பெயரை எழுதியிருக்கும். பெற்றோரின் அலமாரிக்கு வெளியே, தன் பெயரில் குழந்தைக்கு வாய்த்த முதல் சொத்து பல வீடுகளில் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இனி ஓவியர்கள். முதல் பன்னிரண்டில் ஒன்றான ‘தி போக்கி லிட்டில் பப்பி’யை வரைந்தவர் குஸ்டாஃப் டெங்க்ரென், சுவீடனிலிருந்து வந்தவர். ஐந்து நாய்க்குட்டிகளில் எப்போதும் பின்தங்கிவிடும் ஒரு குட்டியின் கதை அது. அமெரிக்காவில் ஒன்றரைக் கோடிப் பிரதிகளை ஒட்டி விற்றிருக்கிறது. பக்கத்தின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் அந்தக் குட்டிகளின் ரோமத்தை மட்டும் தொட்டுப் பார்க்கலாம் போல டெங்க்ரென் வரைந்திருப்பார். சில ஆண்டுகளுக்கு முன்பு இதே கை டிஸ்னி ஸ்டுடியோவில் ‘பினோக்கியோ’வுக்காகக் கூரைகள் சரிந்து நெருங்கும் ஐரோப்பியத் தெருக்களை இருட்டும் விளக்கொளியுமாக வரைந்திருந்தது. அங்கே மூலைமுடுக்கெல்லாம் வண்ணத்தால் நிரப்பியவர், சிறு குழந்தைக்கு என்று வந்ததும் பக்கத்தைக் காலி செய்கிறார். பார்க்கிறவருக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்த கலைஞருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

1950இல் ‘சிண்ட்ரெல்லா’ புத்தகத்துக்குப் படம் வரைந்தவர் ரெட்டா ஸ்காட். ‘பாம்பி’யில் பெயர் போடப்பட்டு, டிஸ்னி படத்தில் அனிமேட்டராகப் பெயர் வந்த முதல் பெண் ஆனவர். சீறிப் பாயும் வேட்டை நாய்களை அதில் அசைய வைத்தவர், இந்தப் புத்தகத்தில் பட்டுத் துணியையும் பனிப்புகையையும் வரைகிறார். திரைப்படத்தில் வரும் சிண்ட்ரெல்லாவை அப்படியே நகலெடுக்கவில்லை. கோடுகள் இன்னும் மெலிந்து, நிறங்கள் இன்னும் கரைந்து, அதே கதையின் வேறொரு கனவாக இருக்கிறது புத்தகம்.

நான் எல்லோரையும்விட நேசிப்பது மேரி பிளேரை. ‘சிண்ட்ரெல்லா’, ‘ஆலிஸ்’, ‘பீட்டர் பேன்’ படங்களின் நிறச் சிந்தனை அவருடையது. நிழல் விழாத தட்டையான வடிவங்கள், ஒன்றோடொன்று மோதுமோ என்று பயப்பட வைத்துக் கடைசி நொடியில் இசைந்துவிடும் நிறங்கள். பறவை, விலங்கு என்று பக்கத்துக்குப் பக்கம் ஒன்றாக மாறி விளையாடும் ஒரு சிறுமியை ‘ஐ கேன் ஃப்ளை’ என்ற கோல்டன் புக்கில் அவர் வரைந்தார். வட்ட முகம், சின்னக் கண், கன்னத்தில் நிறம். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ சவாரியை வடிவமைக்க டிஸ்னி அவரை அழைத்தபோது, இந்தச் சிறுமி நூற்றுக்கணக்கான பொம்மைகளாகப் பெருகினாள். 1966இல் அந்தச் சவாரி அனஹைமுக்கு வந்துசேர்ந்தது. அதற்குப் பிறகு மெயின் ஸ்ட்ரீட் கடையில் பக்கமாகப் புரட்டக்கூடிய ஒரு பார்வை, பூங்காவின் மறுகோடியில் படகில் அமர்ந்து உள்ளே போகக்கூடிய இடமாகவும் இருந்தது.

சொல்ல வந்தது இதைத்தான். டிஸ்னிலேண்ட் படப் புத்தகக் கைகளால் கட்டப்பட்ட இடம். 1953 செப்டம்பரில் ஒரு வார இறுதியில் ஹெர்ப் ரைமன் என்ற ஓவியர் உட்கார்ந்து வரைந்த பறவைப் பார்வைப் படத்தைக் காட்டித்தான் முதலீடு கேட்டார்கள். பீட்டர் பேன், ஸ்னோ ஒயிட் சவாரிகளின் உள்சுவர்களில் கிளாட் கோட்ஸ் போன்ற பின்னணி ஓவியர்கள் புறஊதா ஒளியில் மட்டும் மிளிரும் வண்ணங்களால் தீட்டினார்கள். வண்டி ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் ஒரு காட்சி, அடுத்த கதவுக்கு அப்பால் அடுத்த காட்சி. மெயின் ஸ்ட்ரீட் கட்டடங்களின் மேல்மாடிகள் கீழ்த்தளத்தைவிடச் சிறிய அளவில் கட்டப்பட்டவை. 77 அடி உயரக் கோட்டையில் மேலே போகப் போகக் கற்களின் அளவு குறையும். தாளில் தூரத்தைக் காட்ட ஓவியன் செய்வதைச் செங்கல்லிலும் சிமென்டிலும் செய்திருந்தார்கள்.

அந்த ஸ்னோ ஒயிட் சவாரியில் ஒரு விஷயம். 1983 வரை அதற்குள் ஸ்னோ ஒயிட்டின் உருவமே கிடையாது. வண்டியில் உட்கார்ந்திருப்பவர்தான் ஸ்னோ ஒயிட் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். ஆப்பிளை நீட்டும் சூனியக்காரி உங்களைத்தான் பார்ப்பாள். பலருக்கு அது புரியவில்லை. கதாநாயகி எங்கே என்று தேடினார்கள். அப்படித் தேடிய குழந்தைக்கு அவள் புத்தகக் கடையில் இருந்தாள். சவாரியில் நீ அவளாக இருக்கலாம், புத்தகத்தில் அவளைப் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்தால்தான் கதை முழுமை பெறுகிறது. திறந்த ஆண்டில் சவாரிகளின் கட்டணம் 10 முதல் 35 சென்ட் வரை. லிட்டில் கோல்டன் புக் 25 சென்ட். ஒரு சவாரியை விட்டுக்கொடுத்தால் ஒரு புத்தகம் வீட்டுக்கு வரும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒரு குழந்தையிடம் தேர்ந்தெடுக்கச் சொன்ன பூங்காவை எனக்குப் பிடித்திருக்கிறது.

கடை மூடப்பட்ட காலத்தில் வெஸ்டர்னும் தளர்ந்திருந்தது. 1990களில் நஷ்டம், கைமாற்றம், பெயர் மாற்றம், 1999இல் திவால். 2001இல் கோல்டன் புக்ஸ் பதிப்பு ரேண்டம் ஹவுஸ் வசம் போனது. பொன்னிறப் பட்டையோடு புத்தகங்கள் இன்றும் வருகின்றன, பூங்காவின் மற்ற கடைகளில் பொம்மைகளுக்கும் தொப்பிகளுக்கும் இடையே இருக்கின்றன. ஆனால் புத்தகத்துக்கு மட்டும் என்று ஒரு கதவு இருப்பது வேறு. அலமாரி முழுக்கப் புத்தகம் நிற்கும் அறையில்தான் டெங்க்ரெனையும் பிளேரையும் அடுத்தடுத்து வைத்து ஒரு கண் பழகும். பாத்திரத்தை நேசிப்பது எளிது. ஓவியரின் கோடுகளை நேசிக்கப் பழக்கம் வேண்டும், அந்தப் பழக்கத்துக்கு இடம் வேண்டும்.

ஃபுளோரிடாவிலும் இப்படி ஒரு கடை போனது. டிஸ்னியின் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவில் ‘ரைட்டர்ஸ் ஸ்டாப்’ என்று ஒன்று. ‘எலன்’ தொலைக்காட்சித் தொடரில் வரும் புத்தகக் கடையை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கியது. வெயிலில் அலைந்தவர்களுக்குக் காபியும் சோபாவும் புத்தகமும் கிடைத்த இடம். நடுவே க்ரீம் சீஸ் வைத்த கேரட் கேக் குக்கிக்காகவே அங்கே போனவர்கள் உண்டு. ஸ்டார் வார்ஸ் பகுதிக்காகப் பூங்காவின் அந்தப் பக்கம் மாற்றியமைக்கப்பட்டபோது, 2016 ஏப்ரல் 2ஆம் தேதியோடு கடை மூடப்பட்டது. குக்கியைப் பூங்காவின் இன்னொரு கடைக்குக் கொண்டுபோனார்கள். அதையாவது காப்பாற்றினார்களே என்று மகிழ்ந்தவர்கள் உட்கார்ந்து பக்கம் புரட்டிய சோபாக்களுக்காக இன்றும் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது.

அனஹைம் கடையின் காலத்துப் புத்தகம் ஒன்று மட்டும் பூங்காவுக்குள்ளேயே திரும்பி வந்திருக்கிறது. 1955இல் வெளியான ‘லிட்டில் மேன் ஆஃப் டிஸ்னிலேண்ட்’. பூங்கா வருவதற்கு முன் அங்கிருந்த ஆரஞ்சுத் தோப்பில் ஒரு மரத்தடியில் வாழ்ந்த பேட்ரிக் பெகோரா என்ற குறுமனிதனின் கதை. நிலம் அளக்க வந்த மிக்கியிடமும் டொனால்டிடமும் அவன் கோபப்படுகிறான். கடைசியில் யார் கண்ணுக்கும் எளிதில் தெரியாத ஒரு சின்ன வீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். படம் வரைந்த டிக் கெல்ஸி ‘பாம்பி’யின் கலை இயக்குநர்களில் ஒருவர். தோப்பை வெட்டிக் கட்டிய இடம், வெட்டப்பட்ட தோப்பில் இருந்தவனுக்கும் கதையில் பங்கு கொடுத்தது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2015இல், அறுபதாவது ஆண்டை ஒட்டி, அட்வெஞ்சர்லேண்டில் ஒரு மரத்தின் அடியில் அவனுக்குக் கதவும் ஜன்னலுமாக ஒரு குட்டி வீடு வைத்தார்கள். புத்தகத்தையும் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்கள்.

அனஹைமுக்குப் போகிறவர்கள் அந்தப் புத்தகத்தையும் ‘ஐ கேன் ஃப்ளை’யையும் பையில் எடுத்துப் போங்கள். முதல் புத்தகத்தின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, ஸ்மால் வேர்ல்ட் படகு வரிசையில் நிற்கும்போது இரண்டாவதைப் புரட்டுங்கள். பிறகு உள்ளே பொம்மைகளின் கன்னத்தையும் கண்ணையும் பாருங்கள். மேரி பிளேர் சிறு தாளில் பழகிய கை அங்கே மண்டபம் முழுக்க வேலை செய்திருப்பது தெரியும்.